நடு நாற்காலிக் காது

ஒரு கருவியை வாங்கும் முன், அது எங்கே இயங்கப் போகிறதோ அந்த இடத்தில், அதை யார் பயன்படுத்தப் போகிறாரோ அவர் முன்னிலையில் இயக்கிக் காட்டச் செய்து, அவருடைய கருத்தைக் குறிப்பில் பதிவு செய்ய வேண்டும். எங்கள் அலுவலகக் கொள்முதல் விதிகளில் இப்படி ஒரு விதி இருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னாலும் பொருள் மாறாது. இரண்டு மொழியிலும் இவ்வளவு தெளிவாக இருந்ததால்தான் யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. குழப்பமான விதிகளைத்தான் அதிகாரிகள் விரும்பிப் படிப்பார்கள். அவற்றில்தான் அவர்களுக்கு இடம் இருக்கிறது.

இந்த விதியைத் தன் இரண்டு காதுகளால் ரத்து செய்த ஒருவரை எனக்குத் தெரியும்.

அவர் எங்கள் அலுவலகத்தின் ஸ்டோர்ஸ் ஆபீசர். மேஜை, நாற்காலி, பீரோ, ஃபினைல் ஆகியவற்றை வாங்குவது அவர் வேலை. நான் கீழ்த்தளத்தில், ஊழியர் விவகாரம் பார்க்கும் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவின் சூப்பரின்டெண்ட். நந்தனத்தில் ஒரே கட்டடம், மயிலாப்பூரில் ஒரே தெரு. இரண்டில் ஒன்றிலிருந்தாவது நான் தப்பித்திருந்தால் அவரைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிந்திருக்காது.

ஃபினைல் வாங்குவதில் அவருக்குப் பெயர் இல்லை. பெயர் எல்லாம் காதுக்குத்தான். தெருவில் யார் வீட்டில் டேப் ரிக்கார்டர் வாங்கினாலும், பின்னால் தொண்ணூறுகளின் கடைசியில் எல்லார் வீட்டுக் கூடத்திலும் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தபோது அதற்கு ஸ்பீக்கர் வாங்கினாலும், அவரை அழைத்துப் போவார்கள். அழைக்காவிட்டாலும் வருவார்.

"காதுங்கறது ஒரு பதவி சார்" என்பார். "எல்லாருக்கும் கொடுத்துட மாட்டா."

யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நியமன ஆணை அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. பதவி உயர்வுக்காக உடல் தகுதிச் சான்று வாங்கப் போனபோது அரசு மருத்துவமனையில் அவருக்குக் காது பரிசோதனை செய்திருக்கிறார்கள். கட்டம் போட்ட தாளில், எங்கும் சரியாமல் நேராக ஓடும் இரண்டு கோடுகள். அன்று வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேருக்கு அதே கோடுகள்தான் வந்திருக்கும். அவர்கள் சான்றிதழைக் கொடுத்துவிட்டுத் தாளை மறந்திருப்பார்கள். இவர் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, பஸ் பாஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பேச்சு எங்கே தொடங்கினாலும் சிறிது நேரத்தில் அந்தத் தாள் வெளியே வந்துவிடும்.

ஆகவே, இவருக்கு உண்மையில் காது மந்தம் என்று கதை முடியும் என எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே ஏமாந்துகொள்ளலாம். சமையலறையில் அவர் மனைவி பால்காரரிடம் தாழ்ந்த குரலில் பேசினால், கூடத்திலிருந்து பதில் சொல்வார். செவிடராக இருந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். அவருக்கு எல்லாம் கேட்டது. மற்றவர்களுக்கும் காது உண்டு என்ற செய்தி மட்டும் அவரை எட்டவில்லை.

அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு ஸ்டீரியோ செட் இருந்தது. ஸ்பீக்கர்களுக்கு வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். பாட்டுக் கேட்கும்போது உறையைக் கழற்றும் வழக்கம் இல்லை, தூசு போகுமாம். எதிரே மூன்று நாற்காலிகள். நடுவில் இருப்பது அவருடையது. அங்கே உட்கார்ந்தால்தான் இரண்டு பக்கத்துச் சத்தமும் சமமாக வந்து சேரும் என்று அவரே விளக்குவார். விளக்கிவிட்டு அதில் உட்கார்ந்துகொள்வார். விருந்தாளிகளுக்கு ஓர நாற்காலி. ஒரு தடவை எனக்குக் கிடைத்த பக்கத்தில் வயலின் மட்டும் வந்தது. பாடகர் அவர் பக்கமே நின்றுவிட்டார்.

"எப்படி?" என்றார்.

"பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?" என்றேன்.

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தது கேட்டது. அந்த அம்மாள் சமையலறை ஜன்னலில் ஒரு சிறிய டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு செய்தி கேட்பவர். இத்தனை பெரிய செட் இருக்க இது எதற்கு என்று கேட்டேன். "அவர் கேக்கறதை நான் கேட்டு என்ன ஆகணும் மாமா? எனக்குச் சேதி புரிஞ்சா போறும்" என்றார்.

மார்கழியில் சபாக்களில் அவர் இரண்டாவது வரிசை. முதல் உருப்படி பாதி போகும்போது கையை உயர்த்துவார். மைக் செட்காரர் பார்ப்பார். இவர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு தரம் அமுக்கிக் காட்டுவார். பேஸ் போதவில்லை என்று அர்த்தம். அடியில் கனமாக, மிருதங்கத்தின் இடது பக்கம் போல வரும் சத்தத்துக்குத்தான் பேஸ் என்று பெயர். அவர் வாழ்க்கையில் போதாமல் போன ஒரே பொருளும் அதுதான். மைக் செட்காரர் குனிந்து ஒரு குமிழைத் திருகுவார். இவர் கண்ணை மூடித் தலையாட்டுவார், இப்போதுதான் சரி என்று. ஒரு வருஷம் நான் மைக் செட்காரருக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. அவர் திருகியது எந்தக் கம்பியோடும் சேராத ஒரு குமிழ். "மயிலாப்பூர்ல வேல செய்யணும்னா இப்டி ஒண்ணு இருக்கணும் சார்" என்றார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயங்கள். அமலா விஷயம் அப்படி அல்ல.

அமலா எங்கள் அலுவலகத்தின் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லை. நொச்சிக்குப்பத்தில் வீடு. அம்மா சாலையோரத்தில் மீன் விற்பவள். தினமும் மகளை பஸ் ஏற்றிவிட்டுத்தான் கூடையைத் திறப்பாள். எங்கள் கட்டடத்தில் யாருக்கு வெளியே போன் வேண்டுமானாலும் அமலாவைக் கேட்டுத்தான் பேச வேண்டும். எல்லாருடைய இருமலும் அவளுக்கு அடையாளம் தெரியும்.

வீடுகளில் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்த அந்தச் சமயத்தில், தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வரப்போவதாக உத்தரவு வந்தது. அவரவர் மேஜையிலிருந்து அவரவரே எண்ணைச் சுழற்றிக்கொள்ளலாம். ஆபரேட்டர் பதவி ரத்து. ரத்தான பதவிக்காரர், துறைத் தேர்வில் தேறினால் அதே அலுவலகத்தில் உதவியாளராகலாம். தேறாவிட்டால் உபரி. உபரி ஊழியரை எந்த மாவட்டத்துக்கும் அனுப்பலாம். பஸ் நிறுத்தத்திலிருந்து அலுவலகப் படி வரை தன் கோலால் மனப்பாடம் செய்து வைத்திருப்பவளுக்கு வேறு ஊர் என்றால் என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தேர்வு முழுவதும் விதிப் புத்தகங்கள். அவற்றைப் படித்துச் சொல்ல ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டரும், எழுத்தைக் குரலாக மாற்றும் ஒரு நிரலும் வாங்கிக்கொள்ள ஒரு திட்டத்தில் வழி இருந்தது. நான்தான் கண்டுபிடித்து அனுமதி வாங்கினேன். கம்ப்யூட்டர் வந்தது. தூக்கத்தில் பேசும் அமெரிக்கரின் குரலில் அது ஆங்கிலம் படித்தது. ஸ்பீக்கர் மட்டும் தனியாக வாங்க வேண்டியிருந்தது. ஹெட்போன் முடியாது, அழைப்புகளை இணைக்கும் டெலிபோன் போர்டின் ஹெட்போன் ஒரு காதை எப்போதும் பிடித்துக்கொண்டிருக்கும், அழைப்பு மணிக்கு இன்னொரு காது வேண்டும். ஆகவே வேண்டியது இதுதான்: மேஜைமேல் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கக்கூடியதாக, தாழ்ந்த சத்தத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும்படியாக, சிறியதாக ஒரு ஜோடி.

மூன்று பேர் கொண்ட குழு. தலைவர் இயக்குநர். நான் செயலர். தொழில்நுட்ப உறுப்பினர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

விலைப்புள்ளி வாங்க அவரும் நானும் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனோம். கைக்குட்டையில் சுற்றிய ஒரு சிடியை அவர் எடுத்து வந்திருந்தார். மிருதங்கத் தனி ஆவர்த்தனம். எந்த ஸ்பீக்கரையும் அதில்தான் சோதிப்பார். முதலில் பெட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி. பிறகு தூக்கிக் கனம் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் சிடி.

கடைக்காரர் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே உள்ளே குரல் கொடுத்தார்: "ஐயா வந்துகினு கீறாரு. பேஸ ஏத்தி வையி."

இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டார்கள். இரண்டாவது ஜோடிக்கு மாறும்போதெல்லாம் கடைக்காரரின் விரல் மேஜைக்கு அடியில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியது. நான் நின்ற இடத்திலிருந்து அது நன்றாகத் தெரிந்தது. இரண்டில் எது சத்தமோ அதுதான் நயம் என்று தோன்றுவது மனிதக் காதின் பழைய பலவீனம். பிளாஸ்டிக் உறை போட்டாலும் போகாது. அவர் கண்ணை மூடியபடி இரண்டாவதைக் கைகாட்டினார். "இதுல ஒரு ஆழம் இருக்கு சார். கேட்டேளா?"

"இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் காட்டுங்கள்" என்றேன் கடைக்காரரிடம்.

"ஒரே சத்தத்துல வெச்சா வித்தியாசம் எப்டி சார் தெரியும்?" என்றார் கடைக்காரர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

கல்லாவுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் சின்னதாக ஒரு ஜோடி இருந்தது. கடைக்காரர் தனக்காக வைத்திருந்தது. அதில் கிரிக்கெட் வர்ணனை போய்க்கொண்டிருந்தது. நான் தெருவில் போய் நின்று கேட்டேன். ஆட்டோ சத்தத்தையும் மீறி, யார் அவுட் ஆனார், எந்தப் பக்கம் கேட்ச் என்பது வரை விளங்கியது. திரும்பி வந்து, இது போதுமே என்றேன்.

அவர் முகத்தில் நான் பார்த்தது கோபம் அல்ல, அனுதாபம். "அது பேச்சுக்குத்தான் சார் லாயக்கு."

"நாம் வாங்குவதே பேச்சுக்குத்தான்."

"பேச்சு எதுல வேணா கேக்கும். அதுக்கு ஸ்பீக்கர் எதுக்கு? அந்தப் பொண்ணு நாளைக்கு ஒரு பாட்டுக் கேக்கணும்னா? கவர்ன்மென்ட் பணத்துல வாங்கறோம், நல்லதா வாங்குவோமே."

நல்லது என்பது யாருக்கு, எந்த அறையில், எதைக் கேட்க என்று மூன்று கேள்விகளுக்குப் பிறகு வரவேண்டிய சொல். அவர் அதை முதலிலேயே சொல்லிவிடுவார். பிறகு கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

செயல்விளக்கம் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் நடந்தது. தரையில் கம்பளம், ஜன்னலில் கனத்த திரை, ஏ.சி. மிருதங்கம் கிளம்பியதும் டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. இயக்குநர் காபியைக் கீழே வைத்துவிட்டு, "ஆபீஸ்ல இருக்கமா, கச்சேரில இருக்கமா?" என்றார். நம் ஆள் தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டார், வாசித்தவரே தான்தான் என்பது போல.

"அமலாவை மேலே கூப்பிடலாமா, அல்லது பெட்டியைக் கீழே கொண்டுபோகலாமா?" என்று கேட்டேன். விதியையும் சொன்னேன்.

"பயன்படுத்தறவர்னா யார் சார்? டிபார்ட்மென்ட். டிபார்ட்மென்ட்டோட தலைவர் இதோ உக்காந்திருக்கார். கேட்டாச்சு. திருப்தியும் பட்டாச்சு."

இயக்குநருக்குத் தான் ஒரு பயன்படுத்துபவர் என்பது அதுவரை தெரியாது. தெரிந்ததும் சந்தோஷப்பட்டார். அந்த நேரத்தில் பிளாஸ்டிக் உறை வெளியே வந்தது. இயக்குநர் கோடுகளைப் பார்த்து, "பிரமாதம்" என்றார். நான் மாற்றுக் கருத்தைக் குறிப்பில் எழுதினேன். குறிப்பு பதிவானது. ஸ்பீக்கரும் வாங்கப்பட்டது.

அமலாவின் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு காலத்தில் தண்ணீர் வடிகட்டி வைத்திருந்த இடம். தோள் உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ், கதவுக்குப் பக்கத்தில் இரும்பு பீரோ. மேஜையில் பாதியை அந்தப் பெட்டிகள் அடைத்துக்கொண்டன. போட்டதும் அறை முழுவதும் ஒரு உறுமல். டைல்ஸ் அதைத் திருப்பி அடித்தது, பீரோ கூடச் சேர்ந்து அதிர்ந்தது. சத்தத்தைக் குறைத்தால் உறுமல் மட்டும் மிஞ்சியது, கூட்டினால் போனில் பேசுகிறவர்கள், "என்னம்மா, அங்கே மாவு மெஷின் ஓடுதா?" என்றார்கள். பேஸைக் குறைக்கும் குமிழ் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். இவ்வளவு உயர்ந்த ரகத்தில் அது வைக்கப்படவில்லை.

"இன்னா சார் இது?" என்றாள் என்னிடம். "குடத்துக்குள்ள தலைய வுட்டுகினு ஒரு ஆளு பேசற மாதிரி கீது. அதுவும் இங்கிலீஷ்ல."

அவர் வந்து பார்த்தார். அறையை அல்ல, பெட்டிகளை. துணியால் துடைத்தார். "காதைப் பழக்கணும்மா" என்றார்.

"காது பழகித்தான் சார் கீது. மாடில நீங்க படி எறங்கும்போதே நீங்கன்னு தெரியும். பொட்டிதான் பழகல."

"நல்ல பதார்த்தம் முதல்ல அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை அவமதிப்பது மிகக் கடினம். வந்த சொல் முழுவதும் அவருக்குத் தெளிவாகக் கேட்கும். தனக்குச் சொன்னதாக மட்டும் படாது.

மாற்றித் தரக் கோரி நான் எழுதினேன். உத்தரவாதக் காலத்துக்குள் மாற்றிக்கொள்ள வழி உண்டு. தொழில்நுட்ப உறுப்பினரின் கருத்து தேவை. கோப்பு அவருக்குப் போனது. நினைவூட்டல் எழுதினேன். அதுவும் அவருக்குப் போனது. பஸ்ஸில் கேட்டால், "இதெல்லாம் எழுத்துல சொல்ற விஷயமா சார்? அனுபவிக்கிற விஷயம்" என்றார். இரண்டாவது நினைவூட்டல் எழுதினேன். தேர்வுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அமலா ஒரு பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பார்த்தாள், மேலே துண்டைப் போர்த்திப் பார்த்தாள். கடைசியில் இரண்டையும் அணைத்துவிட்டு அவற்றின்மேல் சாப்பாட்டுக் கூடையை வைத்தாள்.

சொந்தப் பணத்தில் அந்தச் சின்ன ஜோடியை வாங்கி வைத்துவிடலாம் என்று கிளம்பினேன். அலுவலகக் கருவியோடு தனியார் பொருளை இணைக்கக் கூடாது என்று ஸ்டோர்ஸிலிருந்து குறிப்பு வந்தது. அதற்கு மட்டும் அன்றைக்கே பதில்.

பிறகு ஒரு நாள் நான் திருச்சி அலுவலகத்துக்கு லைன் கேட்டேன்.

"லைன் கெடைக்க நேரமாவும் சார்" என்றாள். "சும்மாத்தான கீறீங்க? கைல விதிப் பொஸ்தகம் இருக்குமே. வுட்ட எடத்துலேர்ந்து ஒரு பக்கம் படிங்களேன்."

"எங்கே விட்டது?"

"விடுப்பு விதி. அக்கவுண்ட்ஸ் சார் நேத்து அதுல பாதில நின்னாரு. அவருக்கு மதுரை லைன் கெடைச்சிடுச்சு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சில வாரங்களாகவே கட்டடம் முழுவதும் அவளுக்குப் படித்துக்கொண்டிருந்தது. போன் கேட்டவர்கள் காத்திருக்கும் நேரத்தில் ஆளுக்கு ஒரு பக்கம். ஹெட்போனில் கேட்டுக்கொண்டே தடித்த தாளில் ஊசியால் பிரெய்ல் குறிப்புகளைக் குத்திக்கொண்டிருந்தாள். டெலிபோனில் உறுமலுக்கு இடமில்லை. அது பேச்சை மட்டும் வடிகட்டிக் கொண்டுவந்து காதுக்குள் வைத்துவிட்டுப் போகும். அரசாங்கம் அவளுக்கு வாங்கித் தந்த ஸ்பீக்கரைவிட, அரசாங்கம் கழற்றப்போகிற போர்டு அவளுக்குத் தெளிவாகப் பாடம் சொன்னது.

வெளியூர் அழைப்புகளுக்கான டிரங்க் கால் பதிவேட்டில் கையெழுத்துப் போட ஒரு பிற்பகல் அவள் அறைக்குப் போனேன். என் செருப்புச் சத்தத்திலேயே என்னை அறிந்து, உதட்டில் விரலை வைத்து, உபரியாக இருந்த இன்னொரு ரிசீவரை நீட்டினாள். காதில் வைத்தேன்.

அவர்தான். தினமும் அந்த நேரத்தில் சபா செயலாளரிடம் பேச லைன் கேட்பார். வெளியே போகும் லைன்கள் காலியாகத்தான் இருந்தன. போர்டில் அவற்றுக்கான விளக்கு ஒன்றும் எரியவில்லை. காத்திருப்பவரிடம் லைன் இல்லை என்று பொய் சொல்லும் ஆபரேட்டருக்கு என்ன தண்டனை என்று ஒரு விதி உண்டு. அந்த விதியும் எனக்குத் தெரியும். அன்று அது நினைவுக்கு வரவில்லை.

அவர் கொள்முதல் விதிகளைப் படித்துக்கொண்டிருந்தார். நல்ல குரல், திருத்தமான உச்சரிப்பு. டெலிபோன் கம்பி அதிலிருந்த கனத்தையெல்லாம் உரித்துவிட்டு எழுத்துகளை மட்டும் அனுப்பியது. ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தவர், அந்த விதிக்கு வந்தார். அது எங்கே இயங்கப் போகிறதோ அந்த இடத்தில். யார் பயன்படுத்தப் போகிறாரோ அவர் முன்னிலையில். நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஒரு இருமல், ஒரு தடுமாற்றம், ஒரு காற்புள்ளி நேரமாவது வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. அதே சீரில் அடுத்த விதிக்குப் போய்விட்டார். ஊசி மட்டும் சற்று அழுத்தமாகத் தாளில் இறங்கியது.

முடித்ததும் கேட்டார்: "நன்னா கேட்டுதா?"

"சூப்பரா கேட்டுச்சு ஐயா. கண்ணாடி மாதிரி. அந்தப் பொட்டில இப்டி கேக்கமாட்டேங்குது."

"ஸ்பீக்கருக்கு நீ இன்னும் பழகலை. என் குரலுக்குப் பழகிட்டே. அவ்வளவுதான்."

"அப்ப நாளைக்கும் படிங்க ஐயா. நீங்க படிச்சா அப்டியே ஒட்டிக்கிது."

அவர் நாளைக்கும் படித்தார், அதற்கடுத்த நாளும். ஸ்டோர்ஸ் சம்பந்தமான அத்தியாயங்கள் முழுவதையும் அவரே படித்தார். கடைசி நாட்களில் போன் வேண்டாமலே ரிசீவரை எடுத்து, "எங்கே விட்டோம்?" என்று கேட்டிருக்கிறார். இதை வைத்து அவரை நல்ல மனிதர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுமுனையில் ஒரு காது, நடு நாற்காலியில் தன் குரல். அவருக்கு வாழ்நாள் முழுவதும் வேண்டியிருந்த ஏற்பாடு அது. படித்ததில் ஒரு வரியாவது அவருக்குள்ளும் போயிருந்தால் கோப்பு திரும்பி வந்திருக்கும். அது அவர் அலமாரியிலேயே இருந்தது.

அமலா தேறினாள். ஸ்டோர்ஸ் விதிகளில்தான் அவளுக்கு அதிக மதிப்பெண். அவள் அம்மா ஒரு வஞ்சிர மீனை வாழை இலையில் சுற்றி என் பிரிவுக்குக் கொண்டு வந்துவிட்டாள். அதை யார் வீட்டுக்கு அனுப்புவது என்று பெரிய விவாதம் நடந்தது. அமலா மூன்றாம் மாடி ஏறிப்போய் அவருக்கும் இனிப்புக் கொடுத்தாள். "ஐயா புண்ணியம்" என்றாளாம். என்னிடம் வந்து, "பாதி நெசந்தான சார்" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் பஸ்ஸில் அவர் பேச்சு இதுதான்: "கீழே இருக்கே, கண் தெரியாத பொண்ணு, பாஸ் பண்ணிடுத்து. நான் செலக்ட் பண்ணின ஸ்பீக்கர்ல கேட்டுத்தான். சூப்பரின்டெண்ட் சாருக்கே தெரியும். என்ன சார்?"

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் இன்னும் வரவில்லை. இருந்தாலும் இறங்கிவிட்டேன்.

தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தது. போர்டைக் கழற்றினார்கள். அமலா என் பிரிவில் உதவியாளராகத் தட்டச்சு மிஷினுக்கு முன் உட்கார்ந்தாள். படிக்கட்டுக்கு அடியில் கிடந்த ஸ்பீக்கர்கள் மேலே போயின. ஆயுத பூஜையன்று கூட்ட அறையில் மாலை போட்டு வைத்திருந்தார்கள். சந்தனத்தைக் குழைத்து, சத்தம் வருகிற இடமாகப் பார்த்து, நடுவில் அப்பி, குங்குமமும் வைத்திருந்தார் அவர். நாதஸ்வரமும் தவிலும் போட்டார். நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், சந்தனத்தையும் மீறி, அருமையாக இருந்தது. அந்த அறையில், அந்தத் தவிலுக்கு, அவை தங்கமான ஸ்பீக்கர்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நடுவில்.

பொரி தின்று முடித்துச் சில நாட்கள் கழித்து, அவர் பிரிவிலிருந்து ஒரு உறை வந்தது. என் முதல் கடிதத்துக்கும் இரண்டு நினைவூட்டல்களுக்கும் சேர்த்துப் பதில். அமலாவின் மேஜைக்குத்தான் வந்தது. அந்தக் கோப்பு இப்போது அவள் பொறுப்பு. அவளுக்கு நானே படித்துக் காட்டினேன். மேற்படி ஒலிபெருக்கிகள் உயர்ந்த தரத்தில் இயங்குகின்றன. எனினும் குறை உள்ளதாகக் கருதப்பட்டால், பயன்படுத்துபவரின் செவித்திறன் சோதனை வரைபடத்தை இணைத்து மீண்டும் அனுப்பவும்.

அவள் முழுவதையும் கேட்டாள். "நீங்களும் நல்லாத்தான் படிக்கிறீங்க சார். ஆனா அவரு அளவுக்கு வராது" என்றாள்.

"என்ன செய்யலாம்?" என்றேன்.

"முறைப்படி, வந்துச்சுன்னு சொல்லணும்ல?"

தாளைச் செருகினாள். ஒரே வரி. எழுத்துப் பிழை இல்லை.

தங்கள் பதில் அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி கிடைக்கப்பெற்றது.